செவியுணவும் மதுவும்

மக்கள் ஐம்பொறிகளானும் நுகரும் இன்பங்களுள் இசையின்பம் தனிச்சிறப்பு உடையது. கனியை ஒருவன் உண்பானாயின் அக்கனி பிறனுக்கு உதவாது. சாந்தினை ஒருவன் பூசுவானாயின் அது குறையும். இசையோ, ஆயிரவர் ஒருங்கிருந்து கேட்பினும் ஒருவர் பங்கினால் மற்றொருவர் பங்கு குறைவதில்லை. ஆதலின் அறநூலுடையார் பிற புலனின்பங்களை அளவுபடுத்திக் கூறினும், இசையின்பத்தை இறைவழிபாட்டுக்கே உரியதாக ஏற்றுக்கொண்டனர். இத்தகைய இன்பத்தோடு மதுவின்பத்தையும் உடன்கூட்டி நுகர்தல் தக்கதோ, தகாததோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

மது தீதென்பது யாவரும் அறிந்ததன்றோ, இதனை ஆராய்தல் எற்றுக்கு என்பாரும் உளர். அவர்க்குக் கூறுவது: இவ்வினாவை எழுப்புவோர் தெருவில் வீழ்ந்து கிடக்கும் குடியரல்லர், நம்மிடத்துக் கற்று, பிறநாடுகளிற் சென்று நன்னிலையில் வாழும் பழைய மாணாக்கர். விடுமுறைக்கு வந்த அத்தகையார் ஒருவர் என்னைக் கண்டு வினாவியது இது: “ஐயா, நாள் முழுதும் அலுவலிற் களைத்து வீடு சேர்கின்றேன். ஒரு சிறு கிண்ணத்தில் திராட்சை மதுவை வைத்துக்கொண்டு வீணையிசையைக் கேட்கின்றேன். நிலைதவறுவதில்லை, மனைவி மக்களை வருத்துவதில்லை, பிறர் பொருளை வீணாக்குவதில்லை. இசையும் முன்னையினும் இனிக்கின்றது. இதன்கண் பிழை யாது?”

இவ்வினா நேர்மையுடையது. பொருளழிவு, மானக்கேடு, குடும்பத் துயரம் என்று நாம் வழக்கமாக எடுத்துரைக்கும் குற்றங்களுள் ஒன்றும் இவர்மேற் சாராது. சாராத காரணத்தைக் கூறி இவரைக் கடிந்துரைப்போமாயின், அக்காரணத்தை அவர் எளிதில் மறுத்துவிடுவர். அதனோடு நாம் சொல்லும் நல்ல காரணத்தையும் உடன் எறிந்துவிடுவர். ஆசிரியன் சொல்லுக்கு இதனினும் பெரிய இழிவு இல்லை. ஆகவே முதற்கண் அவர் பக்கத்து வலிமையை மறையாது எடுத்துக் கூறுதும்.

நம் பழந்தமிழ்நூல்கள் இசையையும் கள்ளையும் பகைப்பொருளாகக் காட்டவில்லை. பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படை நூல்களைக் கற்றோர், யாழும் கையுமாகச் சென்ற பாணர்க்கும் பொருநர்க்கும் வேந்தர் சோறும் ஊனும் ஆடையும் பொன்னும் அளித்தவாறே கள்ளும் அளித்தனர் என்பதை அறிவர். 1894 ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய புறநானூற்றிலே, தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு ஒன்று உண்டு. கள் சிறிதளவே கிடைக்குமாயின் அதனைத் தமக்கே கொடுத்துவிடுவன் என்றும், மிகுதியாகக் கிடைக்குமாயின் தாம் பாட, அவன் கேட்டு மகிழ்ந்து உண்பன் என்றும் அப்பாட்டிலே அவர் நினைந்து இரங்குகின்றார். இசை கேட்டுக்கொண்டே மதுவுண்ணல் என்னும் இச்செயல் மேலைநாட்டாரிடமிருந்து நேற்று வந்ததன்று என்பதற்கு இஃதொன்றே சான்றாம்.

கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்னும் நூலிலே, 18 வயது நிரம்பாதார் மதுவைத் தீண்டலாகாது என்றும், 30 வயதுவரை அளவோடு கொள்ளலாம் என்றும், 40 கடந்தோர் விழாக்களில் உண்டு பாடலாம் என்றும் விதிக்கின்றார். முதியோர்க்குப் பாடுதலில் நாணம் உண்டு. நெருப்பு இரும்பை இளக்குவதுபோல மது அந்நாணத்தை இளக்கும் என்பது அவர் கருத்து. மிஷன் பாடசாலையிற் கற்றோர் விவிலியத்திலும் இதனைக் காண்பர். ஏசாயா தீர்க்கதரிசி, யாழும் மதுவும் நிறைந்த விருந்திலே மூழ்கி இறைவன் செயலை நோக்காதாரைக் கடிந்தார். மற்று, சீராக்கின் ஞானநூலோ மதுவிருந்தில் எழும் இசை பொன்னிற் பதித்த மணிபோலும் எனப் புகழ்ந்தது. அந்நூலின் கிரேக்க பாடம் பிறிதோரிடத்து, மதுவும் இசையும் உள்ளத்தை மகிழ்விக்கும் எனினும் இரண்டினும் மேலானது ஞானத்தின்மேல் வைத்த அன்பே என்று முடித்தது. இத்துணைச் சான்றுகளும் அம்மாணாக்கர் பக்கம் நிற்கத்தக்கன.

இனி இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

அதியமான் செய்தியில் ஔவையார் நினைந்து அழுதது கள்ளையோ? அன்று. சிறிதாயின் தனக்கென வையாது பாடினார்க்கே ஈந்த ஈகையையும், பெரிதாயின் உடனிருந்து நுகர்ந்த கேண்மையையுமே அவர் நினைந்தார். சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பலரோடு பகுத்துண்டவன் அவன் என்பதும் அப்பாட்டிற் கூறப்பட்டது. அவன் இறந்தபின் பாடுதற்றொழிலே பற்றுக்கோடின்றிப் போயிற்று என்பது அவர் கண்ட முடிபு. ஆண்டுப் பாடுவாள் ஒருத்தி எதிரே இருந்தாள். கேட்பானொருவன் அவள் முகத்தை நோக்கியிருந்தான். அவள் பசி அவனுக்குத் தெரிந்திருந்தது. கதவடைத்த அறையிலே, ஒலிப்பதிவின் முன்னே, தனியொருவர் ஏந்தும் கிண்ணத்திற்கு அதியமானைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அங்கே பாடினாரும் இலர், பகுத்துண்பாரும் இலர், எஞ்சியது கள் ஒன்றே. பழையோர் வழக்கத்தைச் சான்று காட்டுவோர் அவ்வழக்கத்தின் உயிரையும் உடன்கொள்ளல் வேண்டுமன்றோ?

பிளேட்டோ கூறியதும் பாடுவார்க்கேயன்றிக் கேட்பார்க்கன்று. நாணத்தால் வாய்திறவாத முதியோர் வாய்திறத்தற்கு அவர் அதனை மருந்தாக வைத்தார். அன்றியும், மதுவுண்ணும் அவையை மதுவுண்ணாத தெளிந்த தலைவர் நடத்தல் வேண்டும் என்று உடன் விதித்தார். அவரது ‘விருந்து’ என்னும் நூலிலே, அவையத்தார் அன்பின் இயல்பை ஆராயப் புகுந்தபோது, மிகுதியாகக் குடித்தலை ஒழித்துக் குழலூதுவாளையும் வெளியே அனுப்பிவிட்டனர். கூர்ந்து கேட்டற்குரியது ஒன்று வந்தபோது மதுவும் பின்னணி இசையும் விலக்கப்பட்டன என்பதனை நோக்குக.

அற்றேல், ‘இசை முன்னையினும் இனிக்கின்றது’ என்னும் அனுபவத்துக்கு விடை யாது? இதனை இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் சோதித்திருக்கின்றனர். ஸ்கொத்லாந்திலே ஹெரியற்-வற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் நோர்த் என்பார் 250 பேர்க்கு மதுவளித்து, சிலர்க்கு வன்மையும் கம்பீரமும் உடைய இசையையும், சிலர்க்கு மென்மையுடைய இசையையும், சிலர்க்கு வேறுவகை இசையையும் கேட்பித்து, சிலர்க்கு இசையின்றியும் விட்டார். வன்மையான இசை கேட்டோர் தாம் உண்ட மது வன்மையுடையது என்றனர். மெல்லிசை கேட்டோர் அது மென்மையுடையது என்றனர். இது 2012 ஆம் ஆண்டு உளவியல் வெளியீடொன்றில் வந்தது. அதற்கு முன்னரே, 1993 இல், அமெரிக்க நாட்டு மதுக்கடையொன்றிற் செய்த சோதனையிலே, மேனாட்டுச் செவ்வியல் இசையை ஒலிக்கச் செய்த நாட்களில் வாங்குவோர் விலையுயர்ந்த மதுவையே தெரிந்தெடுத்தனர் எனக் கண்டனர்.

இவ்விரண்டிலும் நாம் காணவேண்டுவது ஒன்றுண்டு. இசை மதுவின் சுவையை மாற்றிற்று. மதுவின் விலையை உயர்த்திற்று. அஃதாவது இசை மதுவுக்குப் பணிசெய்தது. மது இசைக்குச் செய்த பணி யாது? 2007 இல் இங்கிலாந்து மருத்துவர் சிலர் 30 பேர்க்கு மதுவுண்ணுமுன்னும் உண்டபின்னும் செவிப்புலனை அளந்தனர். உண்டபின் மெல்லொலிகள் செவிக்கு எட்டுதல் குறைந்தது. தாழ்ந்த அதிர்வெண்களிலே, சிறப்பாக நொடிக்கு 1000 அதிர்வு என்னும் அளவிலே, அக்குறை மிகுந்து தோன்றிற்று. அது நிலையாத குறையே ஆயினும், இசை கேட்கும் அந்நேரத்துக்கே உரிய குறையன்றோ? ஆகவே இரண்டையும் கூட்டியவழி ஊதியம் பெற்றது மது, இழப்பெய்தியது செவி.

‘வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழி அவற்றுள் ஒன்றினும் இல்லாத செந்நிறமும் சுவையும் தோன்றவில்லையா? அதுபோல இசையும் மதுவும் கூடிப் புதியதோர் இன்பம் பயத்தல் கூடாதோ?’ என்று வினாவலாம். இது நுண்ணிய தடை. கூட்டுதல் குற்றமென்று நாம் கூறவில்லை. திருக்கோயிற் பூசையிலே நாகசுரமும் தீபமும் தூபமும் மலர்மணமும் ஒருங்கே கூடுகின்றன. செவிக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரே நேரத்தில் விருந்து நிகழ்கின்றது. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் அறிவை மழுக்குவதில்லை. எல்லாம் ஒருமுகப்பட்டு உள்ளத்தை ஓரிடத்தே நிறுத்துகின்றன. வெற்றிலையும் பாக்கும் நாவிற் கூடுவன. நாவையறியும் அறிவை அவை மதுவைப்போல் மழுக்குவதில்லை. மதுவோ சுவைக்கப்படும் பொருளாய் நில்லாது, சுவைப்பானையே மாற்றுகின்றது. வேறுபாடு இதன்கண் உளது.

நமது சித்தாந்தம் இதனை எளிதில் விளக்கும். செவி தானே கேட்பதில்லை. செவிவழியே ஆன்மா கேட்கின்றது. ஓசை செவியிற்பட, மனம் அதனைப் பற்ற, புத்தி ‘இஃது இன்னது’ என நிச்சயிக்க, ஆன்மா நுகர்கின்றது. இசையைப் பொறுத்தவரை இந்நிச்சயமே இன்பத்தின் வேர். இராகம் ஒன்று தொடங்கி, ஒரு சுரத்திலே தங்கி, மேலேறி, திரும்பித் தன் நிலையை அடையும்போது, முன் கேட்டதை நினைவில் வைத்திருப்பவனுக்கே அத்திரும்புதல் இன்பந்தரும். மறந்தவனுக்கு அது மற்றோர் ஒலியேயாம். ஆகவே இசையின்பம் அறிவு விழித்திருத்தலால் வருவது. மதுவின்பம் அறிவு தளர்தலால் வருவது. ஒரு வண்டியிலே முன்னும் பின்னுமாக எருதுகளைப் பூட்டினாற்போல் இவை எதிர்த்திசையில் இழுக்கின்றன. ஒரு கிண்ணம் இசையை முற்றும் அழித்துவிடும் என்று நாம் மிகைபடக் கூறமாட்டேம். எத்துணை இழுக்கின்றதோ அத்துணைக் கேட்பவன் இசையினின்றும் அகலுகின்றான் என்பதே நாம் கூறுவது. எஞ்சும் இனிமை பொய்யன்று, ஆனால் அது களைப்பு நீங்கிய இனிமை, வீணையின் இனிமையன்று.

இதற்கு நம் மட்டக்களப்பு வாவியே நல்லாசான். இந்நாட்டை மீன்பாடும் தேனாடு என வழங்குதல் யாவரும் அறிவர். ஓட்டமாவடியில் வாழும் நாம் தெற்கே நகருக்குச் சென்று, 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தின் அயலிலே நிலாக்காலத்து இரவில் படகேறினால் அவ்வொலியைக் கேட்கலாம். கேட்கும் முறை யாது? படகை நிறுத்தல் வேண்டும். பேச்சை அடக்கல் வேண்டும். துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி மறுநுனியைச் செவியோடு சேர்த்தல் வேண்டும். 1848 இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் துரை, மீனவரோடு நிலாவொளியிற் சென்று இவ்வொலியைக் கேட்டு, 1859 இல் வெளிவந்த தம் இலங்கை வரலாற்றிலே எழுதினார். படகின் விளிம்பு மரத்திலே செவியை வைத்தபோது ஒலி பெருகிற்று என்கிறார். அவர் அதற்குக் கண்ட உவமைகளுள் ஒன்று, ஈரவிரலால் மதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குங்கால் எழும் மெல்லதிர்வு என்பது.

அவ்வுவமை நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. கிண்ணத்தை விரலாற் சுற்றித் தேய்த்தால் அது பாடும் என்பதையும், அதனுள் நீரோ மதுவோ ஊற்ற ஊற்றச் சுருதி தாழ்ந்துகொண்டே போகும் என்பதையும் ஆசிரியர்கள் வகுப்பிலே செய்துகாட்டலாம். சலதரங்கக் கிண்ணங்களும் இவ்விதியையே பின்பற்றுவன. வெறுங்கிண்ணமே உயர்ந்த சுருதியிற் பாடுகின்றது. கிண்ணம் இசைக்கருவியாதலும் மதுக்கலமாதலும் கூடும். நிறைந்தோறும் முன்னையது தாழ்ந்து பின்னையது மிகும்.

‘நாள் முழுதும் உழைத்துக் களைத்தவனுக்கு மனம் உடனே ஒருமைப்படாதே, அக்கதவைத் திறக்க ஒரு கிண்ணம் உதவுமே’ என்பது அவர்க்கு எஞ்சிநிற்கும் காரணம். இதனை இரக்கத்தோடு நோக்கல் வேண்டும். கவலையுடையான் செவி அடைத்தே இருக்கும், உண்மை. ஆனால் கதவைத் திறக்கும் அதுவே வீட்டுக்குடையவனையும் வெளியே அனுப்புமாயின், விருந்தினனை வரவேற்பார் யார்? கதவு திறத்தற்கு இசையே போதும். சிறிது பொறுமை வேண்டும். நம் ஆலாபனை மெல்லத் தொடங்குவது இதன்பொருட்டே போலும். முதற் சிறிது நேரம் மனம் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் திரியும். பாடுவாரும் ஒரே சுரத்தைச் சுற்றிச்சுற்றி வருவர். இருவரும் ஓரிடத்திற் கூடும் கணம் ஒன்று வரும். அந்தத் தொடக்கத்துச் சலிப்பே இசைக்கு நாம் கொடுக்கும் விலை. அதனைக் கொடாது பண்டத்தைப் பெற விரும்புவாரே மதுவை நாடுவர்.

திருவள்ளுவர் கேள்வி அதிகாரத்திலே, செவிக்கு உணவு இல்லாத காலத்தேதான் வயிற்றுக்கும் சிறிது கொடுக்கப்படும் என்று கூறினார். அது ஞானக் கேள்வியைக் குறித்ததாயினும், செவியை முதலாகவும் வயிற்றைப் பின்னாகவும் வைத்த முறை இசைக்கும் பொருந்துவதே. திருமூலர் முதற்றந்திரத்திலே கள்ளுண்ணாமை கூறியபோது, உண்ணற்க என்றதோடு அமையாது, உண்ணத்தக்க தேறல் சிவானந்தமே என்று காட்டினார். தியாகராசர் ஆந்தோளிகா இராகத்தில் அமைத்த ‘ராக சுதாரச’ என்னும் கீர்த்தனத்திலே, இராகமாகிய அமுதத்தையே பருகுமாறு தம் மனத்தை அழைத்தார். அப்பர் சுவாமிகள் நீற்றறையிலிருந்து இறைவன் திருவடி நிழலுக்கு உவமை கூறப் புகுந்தபோது, குற்றமற்ற வீணையை முதலில் வைத்து, மாலைமதியையும் தென்றலையும் இளவேனிலையும் வண்டு சூழும் பொய்கையையும் அடுக்கினார். இன்பப் பொருள்களை எண்ணிய அவ்வரிசையிலே மயக்குவது ஒன்றுமில்லை. இவ்வான்றோர் இன்பத்தை வெறுத்தவரல்லர், இன்பத்தின் தரமறிந்தவர்.

தரமறிதல் என்பது எல்லையறிதலுமாம். தருமபுரத்திலே திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் தம் யாழிலே அடங்காதது கண்ட திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழை உடைக்க ஓங்கினார் என்றும், பிள்ளையார் அதனைத் தடுத்து, இயன்ற அளவு வாசிக்க அருளினார் என்றும் பெரியபுராணம் கூறும். தம் கருவி எட்டாத இடம் எதுவென அவ்விசைவாணர் செவி அக்கணமே அறிந்தது. அத்தகைய தெளிவு இசையினுள்ளே முழுதும் விழித்திருந்தார்க்கே வாய்ப்பது. நம் காலத்துக்கு அணித்தாக, காரைதீவிற் பிறந்து மட்டக்களப்பு மிஷன் பாடசாலைகளிற் கற்ற விபுலாநந்த அடிகள், ஏறக்குறைய 14 ஆண்டு ஆராய்ந்து பழைய யாழ்களின் இயல்பைக் கணித்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். மறைந்த ஒலியொன்றைக் கணக்கினாலும் செவியினாலும் மீட்டல் எத்துணை விழிப்பை வேண்டிநிற்கும் என்பதை அந்நூலைப் புரட்டுவார் உணர்வர்.

ஆகவே அம்மாணாக்கர்க்கு நாம் கூறும் விடை இது. ஒரு திங்கள் கிண்ணமின்றி அதே இசையைக் கேட்டுப் பார்க்குக. இனிமை குறையவில்லையாயின், கிண்ணம் வேண்டாதது என்பது தெளியும். குறைந்ததாயின், குறைந்த அப்பகுதி இசைக்குரியதன்று என்பது தெளியும். செவியை இன்னும் பயிற்றவேண்டும் என்பதும் தெளியும். இவ்விரண்டில் எது நிகழினும் அவர்க்கு ஊதியமே.

இனி, ஆசிரியராகிய நம்மைப் பற்றிய ஒன்று. ஓட்டமாவடியில் நம் அயலவராகிய முஸ்லிம்கள் மதுவிலக்கைச் சமயவிதியாகவே கொண்டுள்ளனர். அவ்வுறுதி போற்றத்தக்கது. நம் மாணாக்கர்க்கோ விதியோடு காரணமும் ஊட்டுதல் நம் கடன். கள்ளுண்ணாமை அதிகாரத்தை மனனஞ் செய்வித்தலோடு அது நிறைவுறாது. கேட்கப் பயின்ற செவியை மாணாக்கனுக்குக் கொடுத்தல் வேண்டும். நாடோறும் பிரார்த்தனை முடிந்தபின் சிறிது நேரம் வகுப்பை அமைதியாக இருத்தித் தேவாரப் பதிகமொன்றைப் பண்ணோடு பாடியோ பாடுவித்தோ கேட்பித்து, ‘எவ்விடத்தே குரல் திரும்பிற்று? எச்சொல்லிலே நின்றது?’ என வினாவலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். வாத்தியக் கருவியும் இன்றியமையாததன்று. இங்ஙனம் பயின்ற சிறுவன் பிற்காலத்தே எந்நாட்டிற் சென்று வாழினும், களைத்து வீடு சேரும் மாலையிலே, தன் செவியே தனக்குத் துணையாதலை உணர்வான். அத்துணை இல்லாதவன் கையிலிருந்து கிண்ணத்தைப் பறித்தல் அரிது. அத்துணை உள்ளவனுக்கு அதனைக் கீழே வைத்தல் எளிது.

மதுவை விலக்குக என்னும் உபதேசமும் இசையை நுகர்க என்னும் உபதேசமும் இரண்டல்ல. சைவாசிரியர்கள் இதனைச் சிந்தித்துத் தத்தம் வகுப்பிலே கைக்கொள்வாராக.